சேற்றுக்கு ஒரு சறுக்குத் தகடு

கனடாவிலிருந்து வந்திறங்கிய என் மனைவியின் தம்பி முதல் வாரம் முழுக்க எங்கள் யாரோடும் கதைக்கவில்லை. எதைக் கேட்டாலும் "ஓம்" என்பார், இல்லாவிட்டால் தலையை ஆட்டுவார். முந்தின குளிர்காலத்தில் அவருடைய மனைவி நோயில் மௌத்தாகியிருந்தார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. செய்தி வந்தபோது எங்களில் ஒருவராலும் போக முடியவில்லை. விசா எடுத்து, விமானம் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிடும். கல்முனையில் வீட்டில் கூடி ஓதினோம், தொலைபேசியில் அழுதோம். அதற்கு மேல் எங்களால் ஒன்றும் ஆகவில்லை.

வந்தவர் தான் பிறந்த அதே வீட்டில்தான் தங்கினார். அவர்களுடைய உம்மாவின் வீடு அக்காளான என் மனைவிக்குச் சீதனமாக வந்ததால் இப்போது அது அவருடைய ராத்தாவின் வீடு. முன் அறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். தொழுகைக்குப் பாங்கு கேட்டால் எழும்பிப் பள்ளிவாசலுக்குப் போவார், வந்து மறுபடியும் படுப்பார். சின்ன வயதில் அவருக்குப் பிடித்த கறியெல்லாம் என் மனைவி ஆக்கி வைத்தாள். நாலு பிடி தின்றுவிட்டுக் கையைக் கழுவிவிடுவார். அடுப்படியில் அவள் சத்தமில்லாமல் அழுவதை நான் பார்த்தேன்.

எனக்கும் அப்போது ஒரு கஷ்டம் இருந்தது. வரிப்பத்தான்சேனைப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் வயல் இருக்கிறது. பள்ளக் காணி, மழை பெய்தால் முழங்காலளவு சேறு. பெரிய டிராக்டர் இறங்கினால் புதைந்துவிடும் என்று ஒருவரும் வரமாட்டார்கள். கையால் பிடித்து ஓட்டுகிற இரண்டு சக்கர மெசினால்தான் உழ வேண்டும். போன வருஷம் அக்கரைப்பற்று ரோட்டில் மோட்டார் சைக்கிளோடு விழுந்து என் இடது தோள் எலும்பு விலகியது. பொருத்திவிட்டார்கள், ஆனால் பழைய பலம் திரும்பவில்லை. மெசினை நேராக ஓட்ட முடிந்தது. வரம்பு வந்து திருப்புகிற இடத்தில்தான் வினை. மெசினுக்குப் பின்னால் மூன்றாவதாக ஒரு சின்னச் சில்லு உண்டு, அது சேற்றில் தாழ்ந்து கிடக்கும். ஹேண்டிலைத் தூக்கி அந்தச் சில்லைப் பிடுங்கித்தான் திருப்ப வேண்டும். தூக்கும்போது தோளில் உயிர் போகும்.

"குத்தகைக்குக் குடுத்திருவம். தோளக் கெடுத்து நெல்லு விளைச்சி என்ன செய்யப் போறீங்க?" என்றாள் மனைவி. அவள் சொன்னதில் பிழையில்லை. ஆனாலும் எனக்கு மனம் வரவில்லை. முதல் மழை விழுந்து ஊரெல்லாம் உழவு தொடங்கியபோது, இந்த முறை மட்டும் பார்க்கிறேன் என்று கிளம்பினேன். அவள் வாசல் வரை வந்தாள்.

"அப்ப தம்பியையும் கூட்டித்துப் போங்களன். அறைக்குள்ளேயே கிடந்தா ஆள் கரைஞ்சிருவார்."

அவர் மறுக்காமல் வந்தார். வரம்பில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் குந்தினார். நான் உழத் தொடங்கினேன். மூன்றாவது திருப்பத்தில் ஹேண்டிலைத் தூக்க முடியாமல் இஞ்சினை நிறுத்திவிட்டுத் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் எழும்பி, காற்சட்டையைச் சுருட்டாமலே சேற்றில் இறங்கி வந்தார்.

"மச்சான், இந்தப் பின்சில்லு என்னத்துக்கு?"

வந்த நாளிலிருந்து அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"உழவு ஆழம் கூடாமப் பிடிக்கிறதுக்கு. காய்ஞ்ச தரையில நல்லம். சேத்துல இப்பிடித்தான் தாண்டுபோகும்."

அவர் குனிந்து சில்லைச் சுற்றிக் கையால் துழாவினார். "இதக் கழட்டிப்போட்டு ஒரு சறுக்குத் தகடு பூட்டினா என்ன?"

பாலில்லாத வெறுந்தேத்தண்ணி குடிக்க வரம்பில் உட்கார்ந்தோம். அவர் ஒரு தடியை எடுத்து ஈர மண்ணில் கீறிக் காட்டினார். கனடாவின் வடக்கே அவர் இருக்கிற ஊரில் ஆறு மாதம் பனி. அங்கே பனியில் ஓடுகிற ஸ்கூட்டர்களைத் திருத்துவதுதான் அவருடைய வேலை. அந்த வண்டிக்கு முன்னால் சில்லு கிடையாது. தோணியின் மூக்கைப்போல முன்பக்கம் மேலே வளைந்த இரண்டு சறுக்குப் பலகைகள் இருக்கும். பலகைக்கு அடியில் நீளவாக்கில் ஓர் இரும்புக் கம்பி.

"பலகை அகலமெண்டா பனியில தாழாது. ஆனா அகலம் மட்டும் போதா மச்சான். ஹேண்டிலத் திருப்பினாலும் வண்டி நேராத்தான் போகும். அடியில கம்பி கடிக்கணும். கூடக் கடிச்சா ஹேண்டில் கல்லு மாதிரி இறுகிரும். குறைஞ்சா வண்டி நம்மட சொல்லுக் கேக்காது. ஆளுக்கும் இடத்துக்கும் பாத்துத்தான் கம்பி தேடிப் பூட்டணும்."

பாலமுனைப் பக்கம் சிலர் பின்சில்லுக்குப் பதிலாகத் தகடு பூட்டியிருப்பதை நானும் பார்த்திருக்கிறேன். அடியில் கம்பி வைப்பதைப் பார்த்ததில்லை. சரி, பார்ப்போம் என்று அக்கரைப்பற்றுக்குப் போனோம். மண்ணில் கீறியதையே என் மச்சான் ஒரு மட்டையில் கீறிக் காட்டினார். வெல்டிங் கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "இதென்ன, கடலுக்கா வயலுக்கா?" என்று கேட்டார். மச்சான் சிரித்தார். சின்னச் சிரிப்புத்தான். வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் முதல் செய்தியாக அதைத்தான் சொன்னேன்.

முதலில் கம்பி இல்லாமல் வெறும் தகட்டைப் பூட்டிப் பார்த்தோம். பின்பக்கம் தாழவேயில்லை. வெண்ணெயில் வைத்ததுபோல வழுக்கிக்கொண்டு போனது. எனக்கு ஒரே சந்தோஷம். ஆனால் சரிவான இடம் வந்ததும் பின்பக்கம் தன்பாட்டுக்குப் பக்கவாட்டில் சறுக்கி, மெசின் பக்கத்து வரம்பில் ஏறி அதை வெட்டிப்போட்டது. அந்த வயல்காரர் நல்ல மனிதர். "மாப்புள, என்ட வரம்பையும் சேத்து உழுறயா?" என்று மட்டும் கேட்டார். நாங்கள் இருவரும் மண்வெட்டி எடுத்து வரம்பை மண் அணைத்துக் கட்டிக் கொடுத்தோம்.

அடுத்ததாகத் தகட்டின் அடியில், முனையிலிருந்து முனைவரை ஒரு கனமான கம்பியை ஒட்டுவித்தோம். இப்போது நூல் பிடித்ததுபோல நேராகப் போனது. திருப்பத்தில் நான் ஹேண்டிலைப் பக்கவாட்டில் தள்ளினேன். அது அசையவில்லை. இன்னும் பலமாகத் தள்ளினேன். கம்பி சேற்றின் அடித்தரையைக் கவ்விக்கொண்டு ஹேண்டிலைத் திருப்பி என்மேல் அடித்தது. தோளில் மின்னல் வெட்டியதுபோல இருந்தது. அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டேன்.

மச்சான் ஓடிவந்து இஞ்சினை நிறுத்தினார்.

"வலிக்குதா மச்சான்?"

"இல்ல, இல்ல. ஒண்டுமில்ல."

"பொய் சொல்லாதீங்க!" என்று கத்தினார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதேயில்லை. என் கையைப் பிடித்துத் தூக்கி வரம்புக்குக் கூட்டிவந்தார். வயலைப் பார்த்தபடி சொன்னார்:

"அவவும் இப்பிடித்தான். கேட்டா ஒண்டுமில்ல, ஒண்டுமில்ல எண்டுவா. டாக்டர்மாரிட்டப் போகக்குள்ள எல்லாம் முடிஞ்சித்து."

அவர் தொடர்ந்தார். அவ மௌத்தான கிழமை அங்கே கடுங்குளிர். மண் கல்லாக உறைந்து கிடந்தது. மண்வெட்டியால் கபுறுக்குழி வெட்ட ஏலாது. மெசின் கொண்டுவந்து உடைத்தார்கள். ஜனாஸாத் தொழுகையில் நின்றது கொஞ்சப் பேர். பல நாட்டுக்காரர்கள், அவவை ஒருநாளும் கண்டிராதவர்களும் வந்து நின்றார்கள்.

"கடைசியா மூணு பிடி மண் போடணுமே மச்சான். கட்டி கட்டியா இருந்திச்சு. அள்ள வருதில்ல. நம்மட ஊரெண்டா ராத்தா இருந்திருப்பா, நீங்க இருந்திருப்பீங்க. மண்ணாவது மெதுவா இருந்திருக்கும்."

அவர் அழுதார். நான் சேறு பூசிய கையோடு அவரைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். தூரத்தில் யாரோ ஒருவருடைய மெசின் ஓடிக்கொண்டிருந்தது. மாலை அஸர் பாங்கு கேட்கும் வரை அப்படியே இருந்தோம்.

மறுநாள் என் மனைவி எங்கள் இருவரையும் வயலுக்கு விடவில்லை. அதற்கடுத்த நாள் காலையில் மச்சான் தானாகவே எழும்பி, கம்பி அறுக்கும் வாள் ஒன்றை இரவல் வாங்கிவந்தார். தகட்டைக் கழற்றி முற்றத்தில் கவிழ்த்து வைத்து, கம்பியின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் அறுத்தெடுத்தார். நடுவில் ஒரு சாண் அளவு மட்டும் மிஞ்சியது. அதன் இரண்டு முனைகளையும் அரத்தால் ராவிச் சரிவாக்கினார்.

"நேராப் போகக்குள்ள இது பிடிக்கும். திருப்பக்குள்ள இதுலயே சுத்தும். பாருங்களன்."

அன்றைக்கு முதலில் அவரேதான் ஓட்டினார். இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு ஹேண்டிலை என்னிடம் தந்தார். சரிவில் மெசின் வழுக்கவில்லை. வரம்பு வந்ததும் ஒருபக்கக் கிளச்சைப் பிடித்து, வயிற்றால் ஹேண்டிலைத் தள்ளினேன். தூக்கவேயில்லை. பின்பக்கம் மெல்ல வட்டம் போட்டுத் திரும்பியது. நான் திரும்பிப் பார்த்தபோது அவர் முழங்காலளவு சேற்றில் நின்று இரண்டு கைகளையும் உயர்த்திக் காட்டினார்.

வயல் முழுவதையும் நாங்கள் இருவரும் மாறி மாறி உழுது முடித்தோம். அந்த நாட்களில் அவர் நிறையக் கதைத்தார். அவருடைய மனைவி பனி ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து, வளைவு வந்தால் கண்ணை மூடிக்கொண்டு கலிமா சொல்வாராம். அவருக்காகத்தான் வண்டி வளைவில் குலுங்காத மாதிரிக் கம்பி தேடித் தேடி மாற்றினாராம். இதையெல்லாம் ராத்தாவிடமும் சொல்லுங்கள் என்றேன். சொன்னார். சாப்பாட்டு மேசையில் அவள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, அந்த அடக்கத்தில் தான் நின்றிருந்தால் என்னவெல்லாம் கேட்டிருப்பாளோ அதையெல்லாம் கேட்டாள். யார் குளிப்பாட்டினது, கபன் துணி எங்கே கிடைத்தது, அன்றைக்கு உனக்கு யார் சோறு தந்தது. அவர் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார்.

லீவு முடிந்து அவர் போய்விட்டார். இங்கேயே இருந்துவிடு என்று ராத்தா கெஞ்சினாள். யோசிப்பதாகச் சொல்லியிருக்கிறார், இன்னும் முடிவு சொல்லவில்லை. ஜும்ஆ வெள்ளிகளில் தவறாமல் வீடியோவில் வருவார்.

வயலை நான் குத்தகைக்குக் கொடுக்கவில்லை. தோள் முழுதாகச் சுகமாகவும் இல்லை. வாய்க்காலை ஒட்டிய ஆழமான மூலையில் அந்தத் தகடும் தாழத்தான் செய்கிறது. அந்த ஒரு மூலைக்கு மட்டும், நாங்கள் வரம்பை வெட்டிப்போட்டோமே, அந்தப் பக்கத்து வயல்காரர் வந்து ஹேண்டிலைப் பிடித்துத் தருகிறார்.