வாடகைக்காரனுக்கு வந்த வரி

வெர்னன் ஹாக்ஸ்பி இங்கிலாந்தின் இம்மிங்ஹம் துறைமுகத்தில் முப்பத்தொரு வருடமாகக் கிரேன் ஓட்டுகிறான். நாற்பது மீட்டர் உயரத்தில் கண்ணாடிக் கூண்டு. அங்கிருந்து பார்த்தால் கீழே நிற்கும் எவனும் மனிதனாகத் தெரிவதில்லை. அவனுக்கு அந்த வேலையில் பிடித்ததே அதுதான். கல்யாணம் ஒன்று பதினோரு மாதம் ஓடியது. நாய் ஒன்று வளர்த்தான். அது பக்கத்து வீட்டுக்குக் குடிபோய்விட்டது.

நாற்பத்தொன்பதாவது வயதில் அவனே டெனிஸ் வீட்டுக்குக் குடிபோனான். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கும் டெனிஸ், கார்ல் என்பவனை விவாகரத்து செய்தவள். மகள் கீலிக்கு அப்போது ஒன்பது வயது. முதல் வெள்ளிக்கிழமையே குளிர்பெட்டி மேலிருந்த பிஸ்கட் டின்னில் தொண்ணூறு பவுண்டு வைத்தான். யாரும் கேட்கவில்லை. அவன் வளர்ந்த தெருவில் சம்பாதிக்கிற பிள்ளை பெற்ற தாய்க்கே வாராவாரம் சோற்றுப்பணம் வைப்பான், வைக்காதவன் திருடன். மரியாதை என்று நினைத்துதான் வைத்தான். வைக்க வைக்க வாடகைக்காரன் ஆனான். கீலி அவனைப் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. "அம்மா, உன் வாடகைக்காரர் குளியலறைய விட்டு வரமாட்டேங்கிறாரு" என்பாள். டெனிஸ் சிரிப்பாள், கண்டிக்கமாட்டாள்.

நாலாம் வருடம் பழுப்பு உறையில் வரித்துறைக் கடிதம் வந்தது. கீலிக்காக அரசு தரும் குழந்தை உதவித்தொகை டெனிஸின் கணக்கில் விழுந்துகொண்டிருந்தது. சேர்ந்து வாழும் இருவரில் ஒருவர் வருமானம் வரம்பைத் தாண்டினால், அதிகம் சம்பாதிப்பவர் அந்தத் தொகையை வரியாகத் திருப்பிக் கட்டவேண்டும். மிகைநேர வேலையால் வெர்னன் எப்போதோ தாண்டியிருந்தான். டெனிஸுக்குத் தெரியாது. அந்த ஊரில் ஆஸ்பத்திரியில் காட்டும் உடம்பைக்கூடக் காட்டுவார்கள், சம்பளச் சீட்டைக் காட்டமாட்டார்கள். மூன்று வருடப் பாக்கி, மூவாயிரத்து முந்நூறு பவுண்டு. சுயமதிப்பீட்டுப் படிவத்தில் தானே எழுதிக் கட்டவேண்டும். கம்பெனி வரியைப் பிடித்துக்கொண்டு சம்பளம் கொடுத்ததால் படிவம் என்ற ஒன்றை அவன் தொட்டதே இல்லை.

சனிக்கிழமை மகளை அழைத்துப்போக வந்த கார்ல் சேதி கேட்டு வாசலிலேயே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். அவன் சம்பளம் வெர்னனைவிடக் கூடுதல்.

"எம் பொண்ணு, உன் வரி! நான் ஒரு காசு கட்டவேண்டாமாம். நல்ல சட்டம்டா பங்காளி."

"பெத்ததோட உன் வேலை முடிஞ்சுது, இல்ல?" என்றான் வெர்னன்.

"அதுக்கு மேல நீதான் இருக்கியே. டின்னுல போடு, டின்னுல போடு."

அவன் போனதும் டெனிஸ் கடிதத்தை மேசையில் தட்டினாள்.

"இதுக்கு ஏன் மூஞ்சிய தூக்கி வெச்சிருக்கே? வாடகைக்கு இருக்கேன்னு எழுதிடு. மாடி ரூம்ல உன் சாமானெல்லாம் இருக்கு, வாராவாரம் காசு வைக்கிற. யார் நம்பமாட்டாங்க?"

"அப்ப நான் உனக்கு யாரு?"

"மூவாயிரம் பவுண்டு வெர்ன். மூணு வருஷ விடுமுறைப் பயணம். யாருன்னு அப்புறம் பேசலாம்."

அப்புறம் பேசவில்லை. அன்று சாயங்காலம் வெர்னன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கணினி முன் உட்கார்ந்தான். துணையோடு வசித்தீர்களா என்று படிவம் கேட்டது. நாலு வருடத்தில் அந்தக் கேள்வியை அவனிடம் யாரும் கேட்டதில்லை. ஆம் என்று குறித்தான். முழுத்தொகையும் கட்டினான், தாமதத்துக்கான அபராதத்தையும் முணுமுணுக்காமல் கட்டினான். ரசீதை அச்செடுத்துக் குளிர்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டினான்.

"முட்டாள்" என்றாள் டெனிஸ். கீலி படித்துப் பார்த்துவிட்டு, "இதனால நீ எங்கப்பா ஆயிட்டதா நெனப்பா?" என்றாள்.

"இல்ல. உங்கப்பனுக்கு நீ இலவசம். எனக்குக் காசு ஆவுது, அவ்வளவுதான்."

கீலி தன் அறைக் கதவை அறைந்து சாத்திய அதிர்வில் காந்தம் நழுவியது. அவன் எடுத்து மறுபடி ஒட்டினான்.

வெள்ளிக்கிழமை வந்தது. டின் காலி. டெனிஸ் இருமுறை திறந்து பார்த்தாள்.

"காசு எங்க?"

"வாடகைக்காரன்தான் வாடகை வைப்பான்." தட்டிலிருந்த மீனை வெட்டிக்கொண்டே குளிர்பெட்டியைக் கைகாட்டினான். "நான் இந்த வீட்டு ஆளு. வரித்துறையே வாங்கிக்கிட்டு ஒத்துக்கிச்சு."

டெனிஸ் டின்னை எடுத்துவந்து அவன் தட்டின் பக்கத்தில் டங்கென்று வைத்தாள்.

"வீட்டு ஆளா? சரி. கரண்ட் பில், கேஸ் பில், கூரை ஒழுகல், எல்லாத்துலயும் பாதி. தொண்ணூறு எந்த மூலைக்கு? நூத்தி எண்பது வை."

வெர்னன் சட்டைப்பையைத் தடவினான். கீலி படிக்கட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நூற்றி எண்பதை எண்ணி வைத்தான். அந்த வீட்டில் இத்தனை கடுப்போடு அவன் காசு வைத்தது அதுதான் முதல் தடவை. குடும்பஸ்தர்கள் எல்லோரும் அப்படித்தான் வைக்கிறார்கள்.