அரைப்பேர் வாங்கிய போல்ட்

சனிக்கிழமை காலை ஆறரைக்குப் பதுளையிலிருந்து கிளம்பினேன். பின்கதவைத் திறந்ததும் அது 'கிரீச்' என்று ஊளையிட்டது. "ஹாட்வெயார் கடைக்காரர் வீட்டுக் கதவு" என்றாள் மனைவி அடுப்படியிலிருந்து. இதை அவள் தினமும் சொல்கிறாள். கதவும் தினமும் ஆமோதிக்கிறது.

என்னோடு வந்தது கொழுந்தியா வசந்தியின் மலைச் சைக்கிள். முன்னும் பின்னும் ஸ்பிரிங் உள்ளது. பள்ளத்தில் இறங்கினால் பின்சக்கரம் தனியாக ஏறி இறங்கும். அந்த அசைவுக்கு மூட்டாக இருப்பவை ஆறு போல்ட்டுகள். வசந்தி பூனாகலையில் பாலர் பாடசாலை ஆசிரியை. ஞாயிறு காலை அங்கே தேயிலைத் தோட்டப் பாதையில் சைக்கிள் இறக்கப் போட்டி. முதல் தடவையாகப் பெண்களுக்கும் இடம் கொடுத்திருந்தார்கள். "போல்ட்டையெல்லாம் கழற்றிச் சுத்தம் பண்ணித் தர்றேன்" என்று வாயைக் கொடுத்தவன் நான்.

லீக்ஸ் இறக்கிவிட்டு வெலிமடைக்குக் காலியாகத் திரும்பிய காய்கறி லொறியில் சைக்கிளை ஏற்றினேன். பண்டாரவளை வரை சுமார் முப்பது கிலோமீற்றர். கூலி, வழியில் டிரைவருக்கு ஒரு பிளேன்டீயும் இரண்டு வடையும்.

"ஓட்டுற சைக்கிளை ஏன்ணே ஏத்திட்டு வர்றீங்க?" என்றார் அவர்.

"ஏத்தமா இருக்கேய்யா. இல்லன்னா பறந்துருவேன்."

பண்டாரவளையில் இறக்கிவிட்டவர், நான் பறப்பதைப் பார்க்க லொறியை நகர்த்தாமல் காத்திருந்தார். ஆட்டோ பிடிக்க வெட்கமாகிவிட்டது. ஏறி மிதித்தேன்.

பூனாகலை வீதியில் முதல் இறக்கத்திலேயே 'கிரீச்'. வீட்டுக் கதவு பின்னாலேயே வருகிறதோ என்று திரும்பிப் பார்த்தேன். அடுத்த வளைவில் பின்சக்கரம் மாட்டு வால் மாதிரி ஆடியது. இறங்கிப் பார்த்தால், பெடலுக்குப் பக்கத்துப் பெரிய போல்ட் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. விரலால் திருகி உள்ளே தள்ளிவிட்டு, மிச்ச தூரம் முழுக்க உருட்டினேன்.

"என்னங்கண்ணே, சைக்கிளுக்குக் கால் வலியா?" என்று மேலே மலையில் கொழுந்தெடுத்த அக்கா கேட்டார். மலையே சிரித்தது.

தோட்ட லயத்து வீட்டு வாசலில் வசந்தி சைக்கிளைக் கவிழ்த்து வைத்தாள்.

"பெரட்டு எடுப்போம் அத்தான்."

பெரட்டு என்றால் காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடுவது. ஒவ்வொரு போல்ட்டாகத் திருகுசாவியை வைத்தாள். "மேல் இடது?" "வந்துருக்கு" என்றேன் நான். "மேல் வலது?" "வந்துருக்கு." பெரிய போல்ட்டுக்கு வந்ததும் சாவி தானாகச் சுற்றியது.

"இவருக்கு அரைப்பேர்" என்றாள். பறித்த கொழுந்தின் நிறை குறைந்தால் தோட்டத்தில் அரை நாள் சம்பளம்தான், அதுதான் அரைப்பேர். "போல்ட்டு மரையில என்ன பூசுனீங்க?"

"கிரீஸ். தாராளமா. வழுக்கிக்கிட்டுப் போகட்டும்னு..."

"போயிருச்சுல்ல! நாளைக்கு நானும் சேர்ந்து பள்ளத்துக்குப் போயிருப்பேன். சுத்துற பேரிங்குக்குத்தான் கிரீஸ் அத்தான். மரைக்குப் பிடிக்கிற பசை."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆறு போல்ட்டையும் கழற்றி, மரையைத் துடைத்து உலரவிட்டு, நீலப் பசை ஒரு சொட்டு வைத்தோம். அளவு வந்ததும் 'டிக்' என்று சொல்லும் சாவியால் அவளே முறுக்கினாள். "பலத்தைக் காட்டி முறுக்கினா மரை போயிரும்" என்று என் கையைத் தட்டிவிட்டாள். பசை காயும் வரை யாரும் ஏறக்கூடாது என்றாள். என்னைப் பார்த்துத்தான் சொன்னாள்.

ஞாயிறு காலை, கல் துருத்திய ஒரு வளைவில் நின்றேன். அவள் இறங்கி வந்தாள். என் காது அந்தக் கிரீச்சுக்காகக் கூசிக்கொண்டிருந்தது. டயரில் சரளை தெறிக்கும் சத்தம் மட்டும் கேட்டது, கடந்து போய்விட்டாள். மூன்றாவதாக வந்தாள்.

பகல் பஸ்ஸில் ஏறினேன். பதுளைக்குப் போனால் இந்தக் குளிர் இருக்காது. கேலி மட்டும் அப்படியே இருக்கும். ஜன்னலுக்குக் கீழே வசந்தி, சேறு காயாத முகத்தோடு நின்றாள்.

"இப்பவாவது எனக்கு முழுப்பேர் போடலாமே?" என்றேன்.

"அக்கா போன் பண்ணுச்சு அத்தான். மிச்சக் கிரீஸை வீட்டுக் கதவுக் கீலுல பூசுங்க. சத்தம் நின்னா, அக்காவே உங்களுக்கு முழுப்பேர் போடுமாம்."