ஓசையில் உட்காராத பெயர்

எங்கள் தீவிலிருந்து அரசரோடு போருக்குப் போனவர்கள் ஒரு கப்பல் நிறைய. பல வருடம் கழித்துத் திரும்பி வந்தவர் அரசர் ஒருவர்தான். அதை நாங்கள் வெற்றி என்று கொண்டாடினோம்.

போனவர்களில் என் அண்ணன் ஆர்கெதேமோஸும் ஒருவர். துடுப்பு போடுகிறவர். அவருடைய மனைவி மெலித்தா, என் அண்ணி, இந்த மழைக்காலத்தில் இறந்துபோனார். பாறைக் குழிகளில் கடல்நீர் காய்ந்து படிகிற உப்பைச் சுரண்டி விற்றுப் பிழைத்தவர். ஊரில் அவரைப் பற்றி இரண்டே அபிப்பிராயம்: உப்பு நல்ல உப்பு, வாய் பொல்லாத வாய்.

அரசர் கரையேறிய மறுநாளே அண்ணி அரண்மனை வாசலில் போய் நின்றார். நானும் கூடப் போனேன். அரண்மனை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. எங்கள் வீட்டைவிட ஆடுகள் அதிகம்.

"எங்க வீட்டுக்காரரு எந்தக் கடல்ல போனாருங்க, ராசா?"

"யாரும்மா உன் வீட்டுக்காரன்?"

"ஆர்கெதேமோஸ். இடப்பக்கத் துடுப்பு."

"அட, அவனா! நெட்டையா இருப்பானே."

"குட்டைங்க."

"ஆமாமா, குட்டை. ஆனா சிங்கம்மா அவன்!" அரசருக்கு உண்மையாகவே கண் கலங்கியது. பிறகு மதியம் வரை தான் பட்ட பாடுகளைச் சொன்னார்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அயல் கடலில் செத்தவனை, கூட இருந்தவர்கள் மூன்று முறை பேர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். அப்போதுதான் அவன் ஆவி அவர்கள் பின்னாலேயே வீடு வந்து சேரும். கூட இருந்தவர்களில் பிழைத்தவர் அரசர் மட்டும். அவருக்கோ அண்ணனின் உயரமே தெரியவில்லை.

அந்தச் சமயத்தில் மோலோன் என்ற பாடகர், அரசர் வீடு திரும்பிய கதையைப் பாட்டாகக் கட்டிக்கொண்டிருந்தார். அண்ணி யோசித்தார்.

"இந்தப் பாட்டு எல்லாக் கடலுக்கும் போகும், தம்பி. உள்ள ஒரு எடத்துல அவரு பேரு இருந்துட்டா, போற எடமெல்லாம் கூப்பிட்டுக்கிட்டே போகும். எங்கயாவது அவரு காதுல விழாமலா போயிரும்?"

ஒரு பை உப்போடு மோலோனிடம் போனோம். அவர் அண்ணனின் பெயரை வாய்க்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"உக்காராதும்மா."

"ஏன் உக்காராது? அந்த ஓட்டைக் கப்பல்லயே உக்காந்தாரே."

"நெடில், குறில், திரும்ப நெடில். என் தாளத்துல நெடிலுக்கு அப்புறம் ரெண்டு குறில் வரணும், இல்ல இன்னொரு நெடில் வரணும். ஒத்தக் குறில் நடுவுல மாட்டிக்கிட்டா பாட்டு நொண்டும்."

"அரசரோட கிடா பேரு மட்டும் பாட்டுல வழவழன்னு வருது?"

"அதுக்குப் பேரு வைக்கறதுக்கு முன்னாடியே என்னைக் கேட்டுட்டாங்க." மோலோன் இறங்கி வந்தார். "வேணும்னா யூரிமெனேஸ்னு போட்டுடலாமா? தேன் மாதிரி ஓடும்."

"தேனை வெச்சு நான் என்ன பண்ண? யூரிமெனேஸ் வந்து கதவைத் தட்டினா நீங்களே சோறு போடுங்க."

அண்ணி உப்பை அவரிடமே விட்டுவிட்டு வந்தார்.

அறுவடை விருந்தில் பாட்டு முதன்முதலாக அரங்கேறியது. 'தோழர்கள் எல்லாரும் அலைக்குள் போனார்கள்' என்ற இடம் வந்ததும் பெண்கள் பக்கத்திலிருந்து அண்ணி எழுந்தார். "ஆர்கெதேமோஸ்!" மூன்று முறை. மோலோனின் விரல் யாழ் நரம்பிலிருந்து நழுவியது. தாளம் தடுக்கி விழுந்தது. அரசர் அதையும் பாட்டு என்று நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த வருடம் அந்த இடத்துக்கு வந்ததும் மோலோன் தாமாகவே நிறுத்திவிட்டார். "அது கத்தி முடிக்கட்டும். நடுவுல விழறதைவிட நின்னு போறது மேல்" என்று தம் சீடர்களிடம் சொன்னாராம். அப்புறம் வருடந்தோறும் அப்படியே. அவர் நிறுத்துவார், அண்ணி கூப்பிடுவார், அவர் தொடர்வார். இருவரும் வேறெங்கும் பேசிக்கொண்டதில்லை.

சீடர்கள் பாட்டைக் கற்றார்கள், நிறுத்தத்தையும் சேர்த்து. தீவு தீவாகப் போனார்கள். உப்பு வாங்க வந்த மாலுமிகள் எங்களுக்கே விளக்கம் சொன்னார்கள்: அந்த இடத்தில் கடல் மூச்சை அடக்கிக்கொள்கிறதாம். எங்கெங்கோ உள்ள துறைமுகங்களில் அந்த மௌனத்தைக் கேட்டு ஜனங்கள் அழுகிறார்களாம்.

அண்ணி உப்பை அளந்தபடியே சொன்னார்: "எல்லாக் கடலுக்கும் போயிருச்சு தம்பி, அவரு பேரைத் தவிர."

இந்த வருட விருந்தில் பாடியவர் வெளியூர்க்காரர், மோலோனுடைய சீடரின் சீடர். அந்த இடத்தில் நிறுத்தினார். சபையே தலை குனிந்து ரசித்தது. பெண்கள் பக்கம் யாரும் எழவில்லை. நான் எழுந்தேன். என் குரல் அண்ணியின் குரலைப் போல எடுபடாது. இருந்தாலும் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டேன்.

பக்கத்திலிருந்த எண்ணெய் வியாபாரி என் மேலங்கியைப் பிடித்து இழுத்தார். "யோவ், குடிச்சிருக்கியா? பாட்டுலயே உசந்த எடம்யா இது. வாயை மூடு."

அவர் காதருகிலேயே மூன்றாவது முறையும் கூப்பிட்டேன். அதற்குள் பாட்டிலே அரசர் அடுத்த தீவுக்குப் போய்விட்டிருந்தார்.