டவுன்டவுனில் குகனின் குரல்

அன்று அங்கே இருந்தவர்கள்: நான், மகள் வசந்தி, மருமகன் யோகன், ஹான் என்ற கொரியக் கலைஞர், வாசலில் ரிக்கெற் பார்த்த ஹெயிட்டிக்காரப் பெண். வேறு ஆட்களும் வந்து போனார்கள். அவர்கள் கணக்கில் இல்லை.

பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை. போர்க்காலத்தில் பிடித்துக்கொண்டு போகப்பட்ட என் மகன் குகனின் குரலை டவுன்டவுன் காட்சிக்கூடம் ஒன்றில் கேட்கலாம் என்று வசந்தி சொன்னாள். முன்பே கனடாவுக்கு வந்துவிட்ட தனக்கு அவன் ஊரிலிருந்து பேசி அனுப்பிய கசெற்றை ஹானிடம் கொடுத்திருந்தாள். என்னைக் கேட்டுத்தான் கொடுத்தாள். அந்தக் குரலுக்கு இன்றைய வயதைக் கொடுத்து மெஷின் பேசவைக்குமாம்.

எங்கள் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியிலிருந்து போகிறவர்கள் 80ஆம் இலக்க பஸ்ஸை எடுங்கள். மெட்ரோ என்றால் இரண்டு தரம் மாற வேண்டும், படிகளில் முழங்கால் போய்விடும். காரில் போகாதீர்கள். யோகன் பார்க்கிங்குக்கு இருபத்திரண்டு டொலர் கட்டிவிட்டு, அதையே நாள் முழுக்கக் கதைத்தார். உள்ளே கோட்டைக் கழற்றி வைக்கச் சொல்வார்கள், சால்வை கொண்டு போங்கள்.

முதல் அறையில் ஹான் இளம்வயதில் எடுத்த படங்கள். பழைய சின்ன ரீவிகளில் அவருடைய தாயின் கைகள் தொழிற்சாலையில் பொய்முடி பின்னுகின்றன. முகம் ஒன்றிலும் இல்லை. அடுத்த அறையில் இன்னும் வராத காலம். அவர் பிறந்த நகரத்தைக் கடல் மூடி, மாடிவீடுகளுக்குள் மீன் போகிறது. கடைசி அறையில் குரல்கள். கடலுக்குப் போய்த் திரும்பாத தன் மாமனின் குரலைத்தான் ஹான் முதலில் செய்தாராம். கேட்ட தாய் ஒரு கிழமை ஒருவருடனும் கதைக்கவில்லை என்று யோகன் மொழிபெயர்த்துச் சொன்னார்.

காதில் ஹெட்போனை மாட்டினார்கள். குகன் கதைத்தான். அவன் தகப்பனுக்கு ஐம்பதில் வந்த அதே கரகரப்பு.

"அம்மா, சாப்பிட்டியளோ? குளிருக்குக் காலுறை போடுங்கோ."

நான் வாய்விட்டுப் பதில் சொன்னேன். பேந்து அவன், "சரியம்மா, நான் போறன்" என்றான். சத்தம் நின்றது.

எங்கள் வீட்டில் வாசலைத் தாண்டுகிற எவரும் போறன் என்று சொல்வதில்லை. கடைக்குப் போனாலும், போய்த் திரும்பி வருவேன் என்று 'போட்டு வாறன்'தான். போறன் என்றால் திரும்பாத போக்கு. பிடிபட்ட அன்று காலையிலும் குகன் 'போட்டு வாறன்' என்றுதான் சொன்னான். அந்தச் சொல்லை நம்பித்தான் அவனுக்கு இன்றுவரை நான் திவசம் கொடுக்கவில்லை.

ஹானுக்கு எங்கள் பேச்சுத் தெரியாது, பிழை விட்டுவிட்டார் என்று நினைத்து, திருத்தச் சொல்லும்படி யோகனிடம் சொன்னேன். ஹான் கேட்டுவிட்டு, குரல்தான் தன் வேலை, சொற்கள் எங்கள் வீட்டார் எழுதித் தந்தவை என்றார். யோகன் அதைத் தமிழில் சொல்லிவிட்டுத் தன் சப்பாத்தைப் பார்த்தார்.

"நான்தான் எழுதினனான், அம்மா. தெரிஞ்சுதான் எழுதினனான்" என்றாள் வசந்தி.

"அவன் அப்பிடிச் சொல்லமாட்டான்."

"அவன் சொல்லாட்டி நீங்கள் ஒருக்காலும் நம்பமாட்டியள்."

காரில் யோகன் திரும்பவும் பார்க்கிங் காசைப் பற்றித்தான் கதைத்தார்.

உங்கள் வீட்டிலும் காணாமல் போனவரின் கசெற் இருந்தால் ஹானிடம் கொடுக்கலாம். பழுதில்லாமல் திருப்பித் தருவார், அவரில் எனக்குக் கோபமில்லை. ஆனால் சொற்களை நீங்களே இருந்து எழுதுங்கள். தனியாகவும் போகாதீர்கள்.

குகனைப் பிடித்துக்கொண்டு போனவர்கள்கூட அவன் இல்லை என்று இதுவரை என்னிடம் சொன்னதில்லை. அதை அவன் வாயாலேயே சொல்லவைத்தவளை நான் மன்னிக்கப்போவதில்லை. அவள் என் மகள் வசந்தி.