மூடி கேட்ட இரும்புப் பாட்டு

என் வீட்டுக்காரரை வேலை செய்கிற இடத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மூடி என்றுதான் கூப்பிடுவார்கள். தகர டப்பாக்களுக்கு மூடி அடிக்கிற பிரஸ்ஸில் எங்கள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே நிற்கிறவர். தகட்டை உள்ளே தள்ள வேண்டும், மிதியை மிதிக்க வேண்டும், மேலேயிருந்து அச்சு இறங்கி அடிக்கும், மூடியை எடுத்துவிட்டு அடுத்த தகட்டைத் தள்ள வேண்டும். இதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது என்று கேட்கிறவர்கள் அங்கே போய் அரை நாள் நின்று பார்க்கட்டும். அச்சு இறங்குகிற நேரத்தில் கை உள்ளே இருந்தால் அந்தக் கையை மறந்துவிட வேண்டியதுதான். இவருக்குப் பத்து விரலும் இருக்கின்றன. அந்த பிரஸ் கொட்டகையில் அப்படிச் சொல்லிக்கொள்ள முடிந்தவர்கள் கொஞ்சம் பேர்.

மனுஷர் அதிகம் பேச மாட்டார். அவருக்கும் சேர்த்து நான் பேசுவேன். கட்டிக்கொடுத்து அனுப்பும்போதே என் அம்மா, "போற இடத்துல வாயை அடக்கிக்கோடி" என்றாள். நான் அடக்கவில்லை, அடக்க வேண்டிய தேவையும் வரவில்லை. நான் பேசப் பேச இவர் எதிரே உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் நிறுத்துகிற இடத்தில் தலையை ஆட்டுவார். என் அக்கா வீட்டுக்காரர் இருக்கிறாரே, அவள் வாயைத் திறந்தாலே டீவி சத்தத்தைக் கூட்டுகிற ஆள். அவளிடம் நான் எத்தனை தடவை பீற்றிக்கொண்டிருக்கிறேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை, பெரிய வசதி இல்லை, ஆனால் நான் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க ஒரு ஆள் இருக்கிறார் என்று சொல்வேன். அவள் முகம் சுருங்கிப் போகும். எனக்கு உள்ளுக்குள் அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்.

இந்தப் பாட்டு எங்கள் வீட்டுக்கு வந்ததே ஒரு கேலியில்தான். அவர்கள் கொட்டகையில் மெஷின் பழுது பார்க்கிற ஃபிட்டர் ஒருவன் உண்டு. எப்போதும் கழுத்தில் பெரிய ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு திரிவான். ஒரு நாள் கேன்டீனில் இவர் சாப்பிட உட்கார்ந்தபோது பின்னால் வந்து அதை இவர் தலையில் மாட்டிவிட்டிருக்கிறான். "மூடி அண்ணே, நம்ம கொட்டகையை எவனோ பாட்டாப் போட்டு வித்திருக்கான், கேட்டுப் பாருங்க" என்றானாம். இவர் பிடுங்கி எறிவார், சிரிக்கலாம் என்று எல்லோரும் காத்திருக்க, இவர் சாப்பாட்டில் கை வைக்காமல் மணி அடிக்கிறவரை கேட்டுக்கொண்டிருந்தாராம். மறுநாள் ஒரு பென்டிரைவை வாங்கிக்கொண்டு போய், "அதை இதுல ஏத்திக் குடு" என்று நின்றிருக்கிறார்.

மொத்தம் எட்டுப் பாட்டு. பாட்டு என்று நான்தான் சொல்கிறேன். அதில் பல்லவி கிடையாது, வார்த்தை கிடையாது. போட்டவன் எந்த நாட்டுக்காரன் என்று ஃபிட்டருக்கே தெரியவில்லை. அவன் போனில் காட்டிய அட்டைப் படத்தில் ஆளில்லாத பாய்லர் அறை ஒன்று இருக்கும், அவ்வளவுதான். முதல் பாட்டில் ரொம்ப நேரத்துக்கு ஒரு உறுமல். மின்மாற்றிக்குப் பக்கத்தில் நின்றால் கேட்குமே, அது. அப்புறம் எங்கோ தூரத்தில் இரும்பு மேல் இரும்பு விழும். பிறகு கிட்டத்தில் விழும். அதற்கப்புறம் நம் நெஞ்சுக்குள்ளேயே விழும்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நாள் பூரா அந்தச் சத்தத்துல நின்னுட்டு வந்து, வீட்லயும் அதையே கேக்கணுமா? உங்களுக்கு மண்டை கிண்டை குழம்பிப் போச்சா?" என்று கேட்டேன். வழக்கம்போலத் தலையாட்டிவிட்டு ஸ்பீக்கர் பெட்டியைத் தன் பக்கம் இன்னும் நெருக்கமாக இழுத்துக்கொண்டார். பக்கத்து வீட்டுத் தையல்காரி மூன்றாம் நாள் கதவைத் தட்டினாள். "அக்கா, உங்க தண்ணி மோட்டார் போயிடுச்சுன்னு நினைக்கிறேன், எனக்குத் தெரிஞ்ச மெக்கானிக் இருக்கான்" என்று நம்பரையும் சொன்னாள். மானம் போயிற்று எனக்கு.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பாட்டு வந்த பிறகுதான் அவர் பேச ஆரம்பித்தார். கல்யாணமானதிலிருந்து பேசாத பேச்சை எல்லாம் அதைப் பற்றிப் பேசினார்.

"அங்க அடிக்கிறது மெஷின். அதுக்கு நான் இருந்தா என்ன, செத்தா என்ன. இங்க எவனோ ஒருத்தன் உக்காந்து யோசிச்சு ஒவ்வொரு அடியா வெச்சிருக்கான்" என்றார் ஒரு நாள்.

எட்டும் சேர்ந்து ஒரே ஷிஃப்ட் என்பது அவர் கண்டுபிடிப்பு. முதலாவதில் ஸ்விட்ச் போடுகிறார்களாம். இரண்டாவதில் எல்லா மெஷினும் சூடு பிடிக்கிறதாம். மூன்றாவதில், "பாரு, ஆளு களைச்சுப் போயிட்டான். அடி லேசா பின்னால விழுது பாரு" என்பார். கடைசிப் பாட்டில் சர், சர் என்று வருவது யாரோ தகரத் துண்டுகளைக் கூட்டிப் பெருக்குகிற சத்தமாம். போட்டவன் நிஜமாகவே அப்படி நினைத்துத்தான் போட்டானா என்று யாருக்குத் தெரியும். ஆனால் அவர் சொன்ன பிறகு எனக்கும் அப்படித்தான் கேட்டது.

அவருக்கு உயிர் நாலாவது பாட்டு. அதில் ஒரு கனமான அடி, ஒரே சீராக வந்துகொண்டே இருக்கும். திடீரென்று நின்றுவிடும். வெறும் இரைச்சல் மட்டும் கொஞ்ச நேரம் ஓடும். நாம் ஏமாந்து உட்கார்ந்திருக்கும்போது, எந்த இடத்தில் விழ வேண்டுமோ அதே இடத்தில் சொல்லி வைத்தாற்போல் மறுபடியும் வந்து விழும். அந்த இடைவெளியில் அவர் என் முதுகில் கட்டை விரலால் தட்டிக்கொண்டே இருப்பார். ஒரு தட்டுகூடப் பிசகாது. கடைசித் தட்டும் அந்த அடியும் சேர்ந்து விழும்போது எனக்கு உடம்பு சிலிர்த்தது. பொய் சொல்வானேன், எனக்கும் அது பிடித்துப் போய்விட்டது. துணி மடிக்கும்போது நானே, "அந்த நாலாவதைப் போடுங்க" என்று கேட்கிற நிலைமைக்கு வந்துவிட்டேன்.

அப்படி ஒரு சாயங்காலம் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் அவர் முகத்தைப் பார்த்து சும்மா ஒரு வார்த்தை விட்டேன்.

"இதுல அந்தப் பொம்பளை எதுக்குங்க அழுதுக்கிட்டே இருக்கா?"

"எந்தப் பொம்பளை?"

"பின்னாடி ஒருத்தி மெல்லிசா இழுக்கிறாளே. அடி நிக்கிற இடத்துல கூட அவ குரல் மட்டும் தனியா வருதே."

அவர் பாட்டை முதலிலிருந்து போட்டார். ஸ்பீக்கர் மேல் காதை வைத்துக் கேட்டார். நான், "இதோ, இப்ப, இப்ப" என்று கையைக் காட்டினேன். அவர் முகத்தில் ஒன்றுமே ஓடவில்லை. மறுபடி போட்டார். நூறு தடவைக்கு மேல் கேட்ட பாட்டில் முதல் நொடியிலிருந்து கடைசி நொடி வரைக்கும் இருக்கிற ஒரு குரலை அந்த மனுஷர் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

நான் பாட்டை நிறுத்தினேன். அடுப்படிக்குப் போகிற மாதிரிப் போய் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று, "ஏங்க" என்றேன். திரும்பவில்லை. கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டேன். அப்போதும் திரும்பவில்லை. முன்னால் வந்து நின்றதும் நிமிர்ந்து பார்த்தார். நான் ஏன் அழுகிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"வெளிய சொல்லாத" என்றார். "பரிசோதனை வருது."

பிரஸ்ஸில் நிற்கிறவனுக்குக் காது வேண்டும். அச்சு இரண்டாவது தடவை தானாக இறங்கப் போகிறது என்றால் முன்னால் ஒரு கிளிக் கேட்குமாம். அந்தக் கிளிக்கைக் கேட்காத ஒருவனுக்கு முழங்கை வரை போன பிறகு, இந்த வருஷத்திலிருந்து வருஷா வருஷம் காது பார்ப்பது என்று சட்டம் போட்டிருந்தார்கள். தேறவில்லை என்றால் பிரஸ்ஸை விட்டு எடுத்துவிடுவார்கள். எடுத்துவிட்டால் பின்பக்கத்தில் தகர வெட்டு பொறுக்குகிற வேலை. அங்கே போனவர்கள் யாரும் அதிக நாள் இருந்ததில்லை. ஒன்று, அவர்களே நின்றுவிடுவார்கள், இல்லையென்றால் நிறுத்திவிடுவார்கள். "அடி எனக்குக் கேக்குது. அது போதும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தக் கிளிக் கேட்கிறதா என்று நான் கேட்டதும் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

பரிசோதனைக்கு நானும் கூடப் போனேன். விட்டுவிடுவேனா? கொட்டகை ஆட்களை எல்லாம் ஒரு வேனில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். ஒரு சின்னக் கண்ணாடி அறை. உள்ளே இவரை உட்கார வைத்து, காதில் ஹெட்ஃபோனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்கும்போதெல்லாம் அழுத்த வேண்டும். காது பார்க்கிற பெண் வெளியே மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். நான் கெஞ்சியதால் ஓரமாக நிற்கவிட்டாள்.

இவர் அழுத்தினார். நிறுத்தி நிதானமாக, ஒரே சீராக அழுத்திக்கொண்டிருந்தார். எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. பரவாயில்லை, எல்லாம் கேட்கிறது, நான்தான் வீணாகப் பயந்துவிட்டேன் என்று நினைத்தேன். அந்தப் பெண் மெஷினிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். உள்ளே கட்டை விரல் அழுத்திக்கொண்டே இருந்தது.

"அம்மா, நான் எதுவும் போடலை. போடறதை நிறுத்தி ரொம்ப நேரமாச்சு" என்றாள் என்னிடம். அவள் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன்.

அந்த விரல் எந்தக் கணக்கில் போகிறது என்று எனக்குத் தெரியும். என் முதுகு அறிந்த தட்டு அது. வெளியே வந்தவரிடம் அவள் சொன்னபோது, "இல்லம்மா, எனக்குக் கேட்டுச்சு" என்றார். ஏமாற்றப் பார்த்தாரா, இல்லை நிஜமாகவே அவருக்குள் கேட்டதா, இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. இரண்டு காதிலும் அடிச் சத்தம் தவிர மற்றது எல்லாம் எப்போதோ போய்விட்டது, இது நேற்று இன்று வந்தது இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டாள்.

நடையில் வரிசையில் நின்றிருந்த ஃபிட்டர் என்னைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தான்.

"விடுங்க அண்ணி. எங்க எல்லாருக்குமே பாதிதான் கேக்கும். பிரஸ்ல யாரு பேசி யாருக்குக் கேக்குது? எதிர்ல இருக்கிறவன் வாய் ஆடுதான்னு பாப்போம். வாய் நின்னா ஒரு தடவை தலையை ஆட்டுவோம். அங்க எல்லாரும் அப்படித்தான், பழகிடும்."

அவன் பாட்டுக்குச் சொல்லிவிட்டு வரிசைக்குப் போய்விட்டான். நான் பேச்சை நிறுத்துகிற இடத்தில் தலையாட்டுகிற இவர் முகம்தான் எனக்குக் கண் முன்னால் வந்தது. வேலை போனது அப்போது எனக்குப் பெரிதாகவே தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவர் முதல் வேலையாகப் பாட்டைப் போட்டுவிட்டு உட்கார்ந்தார். நான் போய் நிறுத்தினேன். நாற்காலியை இழுத்து அவர் முட்டியோடு என் முட்டி இடிக்கிற மாதிரி எதிரே உட்கார்ந்தேன்.

"ரெண்டாவது குழந்தையும் தங்காமப் போச்சே. ஆஸ்பத்திரியில இருந்து பஸ்ஸில வந்தோம். அப்ப நான் உங்ககிட்ட ஒன்னு சொன்னேன். கேட்டுச்சா?"

அவர் தலையை ஆட்ட ஆரம்பித்தார். நான் அவர் தாடையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஆட்டாதீங்க. வாயால சொல்லுங்க."

என் கையை மெல்ல விலக்கினார். அப்புறம், "என்ன சொன்ன?" என்றார்.

அதை நான் கத்திச் சொன்னேன். அன்றைக்கு அந்த பஸ் இரைச்சலில், யார் காதிலும் விழக் கூடாது என்று அவர் தோளில் சாய்ந்து முணுமுணுத்ததை, பக்கத்து வீட்டுத் தையல் மெஷின் நின்று போகிற அளவுக்குக் கத்திச் சொன்னேன். இப்ப என்னால முடியாது, நான் அந்த ரூம்ல படுத்துக்கறேன், கொஞ்ச நாள் போகட்டும், அப்புறம் நீங்களே கூப்பிடுங்க, நான் வந்துடுவேன். இவ்வளவுதான் நான் சொன்னது. அவர் அன்றைக்குத் தலையாட்டினார். நான் அந்த அறைக்குப் போனேன். அவர் கூப்பிடவே இல்லை. இரண்டு தடவையும் பிழைக்கவில்லை, இனி இவளிடம் என்ன இருக்கிறது என்று மனுஷர் முடிவு செய்துவிட்டார் என்று நினைத்தேன். இத்தனைக்கும் நடுவில் மற்ற பேச்சை எல்லாம் கேட்கிறாரே என்று அதையே பெரிதாக வைத்துக்கொண்டு வாழ்ந்துவிட்டேன். இப்போது எனக்கு ஐம்பது ஆகப் போகிறது.

அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் மூஞ்சியைப் பாக்கப் பிடிக்காமத்தான் அந்த ரூமுக்குப் போயிட்டேன்னு நினைச்சேன்" என்றார். "கூப்பிட்டா உன்னை இன்னும் நோகடிச்ச மாதிரி ஆயிடும்னு விட்டுட்டேன்."

அந்த அறைக் கதவை நான் ஒரு நாள்கூடத் தாழ் போட்டதில்லை. அதை அவரிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அதையும் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது.