அறுபத்து மூன்று சீட்டுகள்

1956-ஆம் வருடம் மே மாதம். புதுக்கோட்டையில் ஒரு நீதிமன்றத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்து எனக்கு ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. கோடை விடுமுறையில் ஆபீஸுக்கு வர வேண்டிய முறை அந்த வருடம் எனக்கு இல்லை. டிரங்குப் பெட்டியோடு பஸ் ஏறித் திருமயத்தில் இறங்கி, மூன்று மைல் நடந்து ஊர் வந்து சேர்ந்தேன். பெட்டியில் வேட்டி சட்டையைவிடப் புத்தகம்தான் அதிகம்.

காரணம் இருந்தது. வேலையில் சேர்ந்த இரண்டு வருடத்துக்குள் இலாகா தேர்வில் தேற வேண்டும். தேறாவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். டிசம்பரில் எழுதித் தோற்றிருந்தேன். ஜூனில் வருவதுதான் கடைசி வாய்ப்பு. இதில் வெட்கம் என்னவென்றால், அது புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம் என்று அனுமதிக்கப்பட்ட தேர்வு. நீதிமன்ற நடைமுறை விதிகள் அடங்கிய தடிப் புத்தகத்தைக் கையோடு கொண்டுபோய், எந்த விதி எங்கே இருக்கிறது என்று தேடிப் பிடித்து எழுத வேண்டும். என் தாயாருக்கு இதைப் புரியவைத்ததுதான் நான் செய்த தவறு.

"பாத்து எழுதுறதுலயாடா கோட்டை விட்ட?" என்று கேட்டு, வருவோர் போவோரிடமெல்லாம் அதையே சொல்லிச் சிரித்தார்.

எனக்குச் சிறு வயது முதல் எதையும் தேதி போட்டு எழுதிவைக்கும் பழக்கம் உண்டு. முதல் மழை, கன்று ஈன்ற நாள், வாசித்து முடித்த புத்தகம், எல்லாவற்றுக்கும் குறிப்பு இருக்கும். வீட்டில் ஊறுகாய் ஜாடிகளின் மேல்கூடப் போட்ட தேதியை எழுதி ஒட்டிவைப்பேன். அதனால் அந்த விடுமுறை எப்படிப் போயிற்று என்பதை என் நாட்குறிப்பே சொல்லும். "மே 3: படிப்புக்கு அட்டவணை தயாரித்தேன். மே 4: அட்டவணையைத் திருத்தினேன். மே 5: மாங்காய் பறிப்பு. மே 6: ஆலங்குடியில் கல்யாணம். மே 8: சிவப்பு, நீலப் பென்சில் கொண்டு புதிய அட்டவணை." மே 12 வரை இப்படியே போகிறது. ஒவ்வொரு அட்டவணையிலும் படித்த பக்கம் என்று ஒரு கட்டம் வைத்திருந்தேன். அது மட்டும் வெறுமையாக இருந்தது.

சோம்பல் என்று சொல்லிவிட முடியாது. காலையில் உட்காருவேன். நாலு வரி படித்ததும், டிசம்பரில் இதையெல்லாம் படித்துத்தானே தோற்றோம் என்ற நினைப்பு வரும். ஏன் தோற்றேன் என்று தெரியாததுதான் பெரிய சங்கடம். உடனே எழுந்து வேறு ஏதாவது வேலை தேடுவேன். அட்டவணை போடுவது அதில் மிகவும் கௌரவமான வேலை.

நான்காவது அட்டவணையைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தபோது என் மனைவி பார்த்துக்கொண்டு நின்றாள். எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. ஊரில் எட்டாம் வகுப்பு வரை படித்தவள்.

"ஏங்க, இதுல படிப்பு எந்தக் கட்டத்துல வருது?" என்றாள்.

கோபம் வந்தது. அட்டவணையின் ஓரத்தை அழுத்தித் தேய்த்தேன்.

அவளே பெட்டியைக் குடைந்து, சணல் கயிற்றால் கட்டிய ஒரு காகிதக் கட்டை எடுத்தாள். "இது என்னங்க?"

அவை திருத்தச் சீட்டுகள். விதிகளை அரசாங்கம் மாற்றும்போதெல்லாம் புத்தகத்தைப் புதிதாக அச்சிடுவதில்லை. மாறிய விதியை மட்டும் சிறு துண்டுக் காகிதத்தில் அச்சிட்டு அனுப்புவார்கள். அதைப் புத்தகத்தில் உரிய இடத்தில், பழைய விதியின் மேல், ஓரத்தில் மட்டும் பசை தடவி ஒட்டிக்கொள்ள வேண்டும். புத்தகமும் கட்டும் ஆபீஸில் கையெழுத்துப் போட்டு வாங்கியவை. டிசம்பரிலும் அந்தக் கட்டு என்னிடம் இருந்தது. ஒட்டுவது பியூன் வேலை என்று பிரிக்காமலே வைத்திருந்தேன்.

"படிப்புதான் ஓடல. இதையாவது ஒட்டுவோம், வாங்க. நான் பசை காச்சுறேன்" என்றாள்.

மைதா மாவைக் காய்ச்சி ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்தாள். எண்ணிப் பார்த்தால் அறுபத்து மூன்று சீட்டுகள். "நாயன்மார் கணக்கால்ல வருது" என்றார் என் தாயார். "கோர்ட்டு உத்தியோகம்னு பொண்ணக் குடுத்தாக. இவன் என்னடான்னா சினிமா நோட்டீசு ஒட்டுறவனாட்டம் உக்காந்துருக்கான்."

விதி எண் வரிசையில் சீட்டுகளை அடுக்கிக்கொண்டேன். ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசித்துப் புத்தகத்தில் இடம் தேடுவேன். அவள் பசை தடவிக் கொடுப்பாள். பத்தாவதோ பதினோராவதோ சீட்டில் என் குரல் நின்றுவிட்டது. தயாரான தீர்ப்பு நகலை மனுதாரர் வந்து வாங்காவிட்டால் எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. டிசம்பரில் அதே கேள்வி வந்தது. புத்தகத்தைப் பார்த்து, பக்க எண்ணையும் போட்டு, மிகவும் நம்பிக்கையாக எழுதியிருந்தேன். நான் எழுதியது, மாறிப்போன பழைய விதி. ஏன் தோற்றேன் என்று ஐந்து மாதம் கழித்து அந்தத் துண்டுக் காகிதம் சொல்லிற்று.

பிறகு என்னை யாரும் உட்காரச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மூன்றே நாளில் அறுபத்து மூன்றையும் ஒட்டி முடித்தோம். நாட்குறிப்பில் பெருமையாகக் குறித்துவைத்தேன்.

மறுநாள் அவள் புத்தகத்தைச் சும்மா புரட்டிக்கொண்டிருந்தாள். ஆங்கிலத்தில் மாதப் பெயரும் எண்ணும் வாசிக்கத் தெரியும்.

"ஏங்க, இந்த எடத்துல மூணு சீட்டு இருக்குல்ல. மேல இருக்கது அம்பத்திரண்டாம் வருசம். அதுக்கடில அம்பத்தஞ்சு. எது புதுசு?"

"ஒனக்கென்ன தெரியும், அதெல்லாம் நம்பர் வரிசையில…" என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்தினேன். எண் வரிசையில் அடுக்கினேனே தவிர, ஒரே விதிக்கு இரண்டு மூன்று சீட்டுகள் வந்தால் எது முந்தியது, எது பிந்தியது என்று பார்க்கவே இல்லை. ஒவ்வொரு சீட்டின் அடியிலும் தேதி பொடி எழுத்தில் அச்சாகியிருந்தது. புத்தகத்தைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது ரத்தான விதியாக இருக்கும். டிசம்பரில் செய்த அதே தவறை, பசை போட்டு நிலையாக ஒட்டிவைத்திருந்தேன்.

"ஊறுகா சாடிக்கெல்லாம் தேதி எழுதி ஒட்டுறீக. தேதி போட்டே வந்ததப் பாக்கலையே?" என்றாள். அவள் கேலியாகக்கூடச் சொல்லவில்லை. உண்மையாகவே ஆச்சரியப்பட்டாள். அதுதான் சுருக்கென்றது.

சரிபார்த்ததில் பத்தொன்பது சீட்டுகள் இடம் மாறியிருந்தன. ஆபீஸ் முத்திரை குத்திய புத்தகம். கிழித்தால் அதற்கு வேறு பதில் சொல்ல வேண்டும். ஈரத் துணியைச் சீட்டின் ஓரத்தில் வைத்து, மைதா ஊறும்வரை காத்திருந்து, முறத்தில் பரப்பி உலர்த்தி, தேதிப்படி மறுபடி ஒட்டினோம். ஐந்து நாள் ஆயிற்று. காத்திருக்கும் நேரமெல்லாம் அவள் விதி எண்ணைச் சொல்வாள். புத்தகத்தைப் பார்க்காமல் நான் அதன் பொருளைச் சொல்ல வேண்டும். பிறகு புத்தகத்தைத் திறந்து பார்த்து, தவறென்றால் ஒரு பிடி கடலைக்காய் உரித்துக் கூடையில் போட வேண்டும். முதல் நாள் அரைக் கூடை உரித்தேன். ஒட்டி முடிந்த பிறகும் ஆட்டம் தொடர்ந்தது. விடுமுறை முடியும் நாளில் நான் உரித்தவை ஒரு கைப்பிடிக்கு மேல் இல்லை. அட்டவணையை அந்த நாட்களில் ஒருவரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

ஜூனில், கீரனூர் வழியாகப் போகும் பஸ்ஸில் திருச்சி சென்று எழுதினேன். தேர்வு மண்டபத்தில் ஆனிக் காற்று ஜன்னல் வழியாக அடித்தது. சீட்டுகளை ஒட்டாமல் புத்தகத்துக்குள் செருகிக்கொண்டு வந்தவர்கள் பலர் இருந்தார்கள். ஒரு வீச்சில் அவையெல்லாம் பறந்தன. எனக்கு முன் பெஞ்சில் இருந்தவர் எழுந்து, "சார், என்னோட விதி அங்கிட்டுப் போகுது சார், பிடிங்க!" என்று கத்தினார். கண்காணிப்பாளரே சிரித்துவிட்டார்.

நான்காவது கேள்வி, மூன்று சீட்டு ஒட்டிய அந்த விதியைப் பற்றியது. பக்கத்தைத் திறந்தேன். மேலே ஐம்பத்தைந்தாம் வருடச் சீட்டு இருந்தது. ஓரத்தில் ஈரம் பட்டுக் காகிதம் சற்றுச் சுருங்கியிருந்தது. அதைப் பார்த்து எழுதினேன். உண்மையில் பார்க்கத் தேவையே இல்லை.

அக்டோபரில் கெஜட்டில் என் எண் வந்தது. ஊருக்குக் கடிதம் போட்டேன். அடுத்த சனிக்கிழமை நான் போனபோது, சுவரில் இருந்த அட்டவணையில் படித்த பக்கம் என்ற வெற்றுக் கட்டத்துக்குள் என் மனைவி எழுதிவைத்திருந்தாள்: "பாஸ்." அதற்குக் கீழே, தேதி.

அதற்குப் பிறகும் இரண்டு இலாகா தேர்வுகள் எழுதியாயிற்று. இன்றும் விடுமுறையில் புத்தகத்தைத் திறக்க மனம் வராதபோது நான் அட்டவணை போடுவதில்லை. மைதா வாசனையும், "எது புதுசு?" என்ற அந்தக் கேள்வியும் நினைவுக்கு வந்ததும் என் கை தானாகவே முதல் பக்கத்தைத் திருப்பிவிடுகிறது.