நான் புதைத்த ரோமானியக் குழாய்

தங்கைக்கு விஷம் வைத்தவன் என்று போலீஸ் என்னைப் பிடித்துக்கொண்டு போகும் என எட்டு வயதில் திடமாக நம்பினேன். விஷம் குடித்ததாகச் சொல்லப்பட்டவளோ அடுப்படியில் தட்டைக் கரண்டியால் அடித்துக்கொண்டு உற்சாகமாக இருந்தாள். அந்தச் சின்ன விவரம் என் பயத்தை அசைக்கவே இல்லை.

அப்போது அமெரிக்காவில், வெஸ்ட் வின்ட்சரில் இருந்தோம். அத்தாவுக்குப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் வேலை. பழைய ரோமானியர்கள் தண்ணீருக்குப் போட்ட காரீயக் குழாய்கள் எந்தச் சுரங்கத்துக் காரீயம் என்று கண்டுபிடிப்பார். காரீயத்துக்குள் சில வகைகள் கலந்திருக்குமாம். அந்தக் கலவை சுரங்கத்துக்குச் சுரங்கம் மாறுமாம். “எத்தன தடவ உருக்கினாலும் பொறந்த ஊர மறைக்காது பாய்” என்று விருந்துக்கு வந்தவர்களின் தட்டில் பிரியாணி வைத்துக்கொண்டே சொல்வார். அவர்கள் கிரீன் கார்டு பற்றிப் பேசத் தவித்துக்கொண்டிருப்பார்கள்.

அவர் மேஜையில் கட்டைவிரல் அளவில் ஒரு குழாய்த்துண்டு இருந்தது. தொடக் கூடாது என்றிருந்தார், அதனால் எடுத்தேன். தங்கையிடம் நீட்டினேன். ஒரு தடவை சப்பிவிட்டு, முகத்தைச் சுளித்துத் துப்பினாள். பிறகு வழக்கம்போல் கண்ணைக் கசக்கி அதே விரலை வாயில் போட்டுக்கொண்டாள்.

மறுவாரம், சின்னக் குழந்தைகளுக்கு வழக்கமாக எடுக்கும் ரத்தப் பரிசோதனை முடிந்து, டாக்டரிடமிருந்து போன். தங்கையின் ரத்தத்தில் காரீயம் மிக அதிகம்.

அன்றே துண்டை மேப்பிள் மரத்தடியில் புதைத்தேன். இரண்டாயிரம் வருஷம் மண்ணுக்குள் கிடந்ததுதானே, அதற்கென்ன புதுசா என்று சமாதானம் வேறு.

அத்தா வீட்டையே சுரண்ட ஆரம்பித்தார். ஜன்னல் பெயின்ட், குழாய்த் தண்ணீர், கார்ப்பெட் தூசி, மிளகாய்த்தூள், கண்ணுக்கு இடும் சுருமாக் குப்பி, பொம்மைகள், கடைசியாக ஆய்வுக்கூடத்துக்குப் போட்டுப்போகும் தன் சட்டை. ஒவ்வொன்றும் ஒரு பையில், பெயர் எழுதி. சட்டையை மட்டும் மடித்து, பிரித்து, மறுபடி மடித்துப் போட்டார்.

எனக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் அவர் முன்னால் போய்க் கைகளை நீட்டினேன், விலங்கு மாட்ட வசதியாக.

“ஐ டிட் இட், அத்தா. கால் த போலீஸ்.”

விஷயத்தைக் கேட்டவர் சிரிக்கவில்லை.

“எத்தன தடவடா வாயில வச்சா?”

“ஒன்ஸ். துப்பிட்டா.”

“ஒரு தடவதான? நல்லா யோசிச்சுச் சொல்லு தம்பி.”

மரத்தடியில் மண்டியிட்டுக் கரண்டியால் தோண்டினார். துண்டு கிடைத்ததும் அவர் முகத்தில் ஒரு ஆசை தெரிந்தது. குற்றவாளி அகப்பட்ட சந்தோஷம் என்று நினைத்தேன்.

தங்கை ரத்தத்தின் காரீயத்தோடு ஒப்பிட, பைகளோடு துண்டும் ஆய்வுக்கூடத்துக்குப் போனது. இரண்டு வாரம் கழித்து ஒரு சாயங்காலம் கார் வந்து நின்றது. அத்தா இறங்கவில்லை. ஓடிப்போய்க் கண்ணாடியைத் தட்டினேன். பாதி இறக்கினார்.

“நீ இல்லடா தம்பி.”

நான் ஆடினேன். காரைச் சுற்றிச் சுற்றி, “நாட் மீ! நாட் மீ!” என்று தெருவுக்கே கேட்கக் கத்திக்கொண்டு ஆடினேன். ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஜெயித்தது நான், இவர் ஏன் கைதட்டவில்லை என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

தங்கை நாலு வயதில்தான் பேசினாள். இன்றும் கடிகாரத்தில் மணி பார்க்க யாரையாவது கூப்பிடுவாள்.

காரீயம் வந்தது சுருமாவிலிருந்து. ஊருக்குப் போனபோது ஆசையாக வாங்கி வந்தவர் அத்தா. வெள்ளிக்கிழமைதோறும் தொழுகைக்குக் கிளம்புமுன், அவளை மடியில் சாய்த்து, கண்ணில் இட்டுவிட்டவரும் அவர்தான்.